ராத்திரியில் கம்ப்யூட்டரை அணைக்கணுமா, அப்படியே விடலாமா?

ராத்திரி மணி பதினொன்றரை. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வீடு. எல்லோரும் படுத்தாகிவிட்டது. பிளஸ் டூ படிக்கும் பேரனுடைய மேஜையில் மட்டும் கம்ப்யூட்டர் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதே அறையில், சுவரோரக் கட்டிலில் ஆச்சி.

"ஏல, அந்தப் பெட்டிய அணைச்சிட்டுப் படுல. கண்ணு கூசுது."

"அணைச்சு அணைச்சுப் போட்டா சீக்கிரம் கெட்டுப் போயிரும் ஆச்சி. காலையில திரும்ப வேணும்லா?"

"கரண்டு பில்லு வந்தா ஒங்கப்பன் என்னையல்லா கேக்கான்!"

இது நாம் கற்பனை செய்த வீடுதான். ஆனால் இந்த வழக்கு உங்கள் வீட்டிலும் நடக்கிறது, இல்லையா? பேரன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. தீர்ப்பு என்னவோ ஆச்சிக்குத்தான். அவர் சொன்ன காரணங்களோடு, அவர் சொல்லாத பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேரன் சொல்வது எவ்வளவு உண்மை?

ஒரு காலத்தில் அவன் சொன்னது சரிதான். பழைய கம்ப்யூட்டர்களில் இருந்த ஹார்ட் டிஸ்க், உள்ளே தகடு சுழலும் சாதனம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் நின்ற தகடு வேகமெடுத்துச் சுழல வேண்டும். கனமான கண்ணாடிக் குழாய் மானிட்டரும் ஆன் செய்த நொடியில் நிறைய கரண்ட் இழுக்கும். அதனால் 'சும்மா சும்மா அணைக்காதே' என்ற பேச்சு வந்தது. இன்று பெரும்பாலான புது கம்ப்யூட்டர்களில் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் பாகமே கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை அணைத்துப் போடுவதால் அதற்கு எந்தக் குறையும் வராது.

சொல்லப் போனால் ஓய்வே இல்லாமல் ஓடுவதுதான் கெடுதல். சி.பி.யூ. பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்று சின்னச் சின்னக் குப்பிகள் உண்டு. சூடு 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களின் பொதுக் கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில், ஜன்னல் சாத்திய அறையில், அந்தப் பெட்டி படும் பாட்டை யோசியுங்கள். உள்ளே இருக்கும் மின்விசிறியும் 24 மணி நேரமும் தூசியை இழுத்து இழுத்து அடைத்துக்கொள்ளும். (அந்தத் தூசியைத் தட்டும்போது பெட்டியை வெளித் திண்ணைக்குக் கொண்டு போய்த் தட்டுங்கள். வீசிங் உள்ள குழந்தை படுக்கிற அறையில் வைத்து ஊதாதீர்கள்.)

அதற்காகக் காபி குடிக்க எழுந்தால்கூட அணைக்க வேண்டுமா? வேண்டாம். பேரன் பக்க நியாயம் இதில்தான் இருக்கிறது. அரை மணி, ஒரு மணி நேர இடைவெளிக்கு 'ஸ்லீப்' போட்டால் போதும். வேலையெல்லாம் திறந்தபடியே இருக்கும், கரண்டும் மிகக் குறைவாகத்தான் போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸும் தீர்ந்துவிட்டால், சேமிக்காத வேலை போயே போச்சு. எழுந்து போகும் முன் 'சேவ்' செய்துவிடுங்கள்.

அணை மட்டம் தெரியும்... மீட்டர் தெரியுமா?

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். காலையில் பேப்பரைப் பிரித்ததும் பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்தி. 143 அடி நிரம்பினால் முகமே மலர்ந்துவிடும். அந்தத் தண்ணீரிலிருந்து 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கும் முன்பே, 19-ம் நூற்றாண்டின் கடைசியில், ஆற்று நீரின் வேகத்தை வைத்து ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை ஓட்டினார்கள். ஊர் வளர்ந்ததே அந்த ஆலையால்தான். இப்படி மின்சாரத்தின் வாசலிலேயே குடியிருந்தும், வீட்டு மீட்டரை எட்டிப் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கணக்கு சுலபம். மேஜைக் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது 70 வாட் என்று வைத்துக்கொள்வோம். பயன்படுத்தாத நேரம் நாளுக்கு 16 மணி. இரண்டு மாதத்துக்கு 60 நாள். பெருக்கினால் 67 யூனிட்! இதே நேரத்தை 3 வாட் எடுக்கும் ஸ்லீப்பில் வைத்தால் 3 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 2022-ல் வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலை கிடையாது. 480-ல் நின்றிருக்க வேண்டிய வீடு, ஆளில்லாமல் ஓடிய கம்ப்யூட்டரால் 547-க்குப் போனால் எப்படி இருக்கும்? ஆச்சி கேட்டதில் தப்பே இல்லை. லேப்டாப் என்றால் செலவு மிகக் குறைவுதான், அங்கே பில்லைக் காட்டி சண்டை போட வேண்டாம்.

ஆச்சி சொல்லாத காரணம்

இடி, மின்னல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் காசு விஷயம். இது உயிர் விஷயம்.

ஆனி, ஆடி சாரலில் அவ்வளவு இடி இராது. பயப்பட வேண்டியது சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும்தான். அதுவும் சாயங்கால நேரத்தில். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தனியாக வீட்டில் இருக்கும் நேரம் அது!

மின்னல் உங்கள் வீட்டின் மேல்தான் விழ வேண்டும் என்பதில்லை. எங்கோ லைனில் இறங்கினால்கூட, அந்த வேகம் கம்பி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். கம்ப்யூட்டரில் 'ஷட் டவுன்' அழுத்தினால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. பிளக் சொருகியிருக்கும் வரை கம்பி கம்பிதானே? சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட வேண்டும். கேபிள் டி.வி. ஒயர், செம்புக் கம்பியில் வரும் டெலிபோன் ஒயர் இருந்தால் அதையும். ஃபைபர் இணைப்பாக இருந்தால் அந்தக் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் கரண்டில்தானே சொருகியிருக்கிறது? அதையும் கழற்றுங்கள். "யு.பி.எஸ். இருக்கே?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் விழும் மின்னலைத் தாங்கும் சக்தி அதற்கு இல்லை.

எப்போது கழற்றுவது என்பது முக்கியம். மேற்கே பொதிகை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும்போதே கழற்றிவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஓடிப்போய்ப் பிளக்கைத் தொடக் கூடாது. மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணுங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டால், மின்னல் 10 கிலோ மீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் கம்ப்யூட்டர் போனால் போகட்டும், பிளக்கையோ ஒயரையோ தொடாமல் விலகியிருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி சொருக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிவிட்டால் போதாது, ஒரு நாள் செய்து காட்டுங்கள்.

வெள்ளத்துக்கும் இதே கதைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஜில்லாவில் யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டி மீட்டர் மழை. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சி.பி.யூ.வைத் தூக்கப் போவது தற்கொலைக்குச் சமம். நனைந்துவிட்ட பெட்டியை வெயிலில் காய வைத்து, 'ஓடுதா பார்ப்போம்' என்று ஆன் செய்வதும் வேண்டாம். மெக்கானிக் பார்க்கட்டும்.

தூக்கம் என்ன ஆகும்?

இருட்டினால்தான் மூளையில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் நன்றாகச் சுரக்கும். படுக்கும் நேரத்தில் கண்ணில் விழும் வெளிச்சம் அதைக் குறைத்துவிடும். ஆச்சிக்குக் கண் கூசியது வயசுக் கோளாறு அல்ல! வயதானவர்களின் தூக்கம் ஏற்கெனவே லேசானது. திடீரென்று திரை மின்னினால், 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால், விழித்துக்கொள்வார்கள். பிறகு விடிகிற வரை புரள வேண்டியதுதான். ஆலையில் ராத்திரி ஷிப்டு முடித்துப் பகலில் தூங்கிய அப்பாக்கள் இருந்த ஊர் இது. அவர்கள் தூங்கும்போது வீடே கிசுகிசுவென்று பேசியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மரியாதை ராத்திரித் தூக்கத்துக்கும் கிடைக்கட்டுமே!

பேரன் விஷயம் இன்னும் கொஞ்சம் பெரிசு. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 மணி முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்தான். அதிலும் கம்ப்யூட்டர் ஸ்லீப்பில் இருந்தால், ஒரு பட்டனைத் தட்டினாலே விட்ட ஆட்டம் விட்ட இடத்தில் வந்து நிற்கும். 'ஒரே ஒரு ஆட்டம்' என்று ஒரு மணி நேரம் போய்விடும். முழுசாக அணைத்துப் பிளக்கையும் கழற்றியிருந்தால், இருட்டில் எழுந்து, சொருகி, அது கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சின்னச் சிரமத்திலேயே பாதிப் பேர் திரும்பிப் படுத்துவிடுவார்கள். இடமிருந்தால் கம்ப்யூட்டரைப் படுக்கை அறையிலிருந்தே கூடத்துக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

அணைப்பதிலும் ஒரு முறை உண்டு. சுவர் ஸ்விட்சை மட்டும் படாரென்று தட்டாதீர்கள், ஃபைல்கள் கெட்டுப் போகலாம். முதலில் எல்லாவற்றையும் மூடி, 'ஷட் டவுன்' கொடுத்து, விளக்கு அணைந்த பிறகுதான் சுவர் ஸ்விட்ச். 'அப்டேட் நடக்கிறது' என்று திரையில் வந்தால் முடியும் வரை பொறுங்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் இன்னொரு விஷயமும் உண்டு. சீக்கிரம் கிளம்புவதற்காக, ஷட் டவுன் கொடுத்தாலும் கொஞ்சம் பழைய நினைவை அது சேமித்து வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மந்தமாகத் தெரிந்தால் ஒரு தடவை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. சி.பி.யூ. பெட்டியைத் தொடும்போது விரலில் சுர்ரென்று இழுக்கிறதா? 'லேசாத்தானே' என்று விட்டுவிடாதீர்கள். அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இல்லை என்பதற்கான அறிகுறி அது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யுங்கள். வந்ததோடு வந்ததாக மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வந்து முடிக்கும் வரை அந்த பிளக்கைக் கழற்றியே வைத்திருங்கள், ராத்திரி மட்டுமல்ல, பகலிலும்தான்.