பூண்டுக்கும் ஒரு சுங்க எண் உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

கொடைக்கானல் மலையிலுள்ள கவுஞ்சியில் பூண்டு போடத் தொடங்கும் இளைஞருக்கு மண்ணையும் பனியையும் பற்றிச் சொல்ல ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள். வடுகபட்டிச் சந்தையில் விலை ஏன் சரிந்தது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சில சமயம் வேறு நாட்டில் இருக்கும்.

2000 ஜூனில் தென்கொரியா, தன் விவசாயிகளைக் காக்கச் சீனப் பூண்டுக்கு 315 சதவீத வரி போட்டது. ஒரே வாரத்தில் சீனா கொரியக் கைபேசிகளையும் பாலிஎதிலீனையும் வாங்க மறுத்தது. பூண்டைவிடப் பல மடங்கு பெரிய வியாபாரம் அது. அடுத்த மாதமே கொரியா இறங்கிவந்தது. நாடுகள் பேரம் பேசும் இடத்தில் விவசாயியின் குரல் எவ்வளவு எளிதில் அமுங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இங்கே சீனப் பூண்டுக்கு 2014 முதல் தடை. காரணம் பூஞ்சை நோய் அச்சம். அப்படியும் நேபாள எல்லை வழியே கடத்தல் நடக்கிறது.

மிளகின் கதை இன்னும் நெருக்கமானது. தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டால் தெரியும். 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தம் வரிச் சலுகை தந்தது. வியட்நாம் மிளகும் இலங்கை மிளகு என்ற பெயரில் அதே வழியில் நுழைகிறது என்று விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில்தான் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அரசு வைத்தது. வரி விகிதத்தைப் போலவே, சரக்கு எங்கே விளைந்தது என்பதை நிரூபிக்கும் விதியும் முக்கியம். அது தளர்ந்தால் ஒப்பந்தம் வேலியில்லாத தோட்டம்.

ஆனால், ஒப்பந்தம் என்றாலே பகை என்று எண்ண வேண்டாம், தம்பி. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டின் வேர், 1995-இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதன்படிதான் இந்தியா 1999-இல் சட்டம் இயற்றியது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தைத் திருப்பூர் வரவேற்றதிலும் நியாயம் உண்டு. வங்கதேச ஆடைகள் வரியின்றிப் போகும் சந்தையில் வரி கட்டி விற்றுவந்தவர்கள் அவர்கள்.

குறியீடு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அதைப் பயன்படுத்த ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும்; பூம்பாறை, மன்னவனூர்க்காரர்களோடு சேர்ந்து போனால் அலைச்சல் குறையும். புது ஒப்பந்தம் எது வந்தாலும் வரி அட்டவணையில் 0703 20 என்ற எண்ணைத் தேடிப் பார். உலகம் முழுக்கப் பூண்டுக்கு அதுதான் எண். பேச்சு நடக்கும்போதே உழவர் குழு வழியாக எழுத்தில் கருத்தைக் கொடுத்துவிடு. கையெழுத்தான பிறகு அட்டவணையை மாற்றுவது கடினம்.