ஆமை வழியே சரிவிகித உணவு

ஆறாம் வகுப்பு அறிவியலில் வைட்டமின் குறைபாட்டு நோய்களின் அட்டவணை வருகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், டி குறைந்தால் ரிக்கெட்ஸ் என்று மாணவர்கள் ஒரே நாளில் ஒப்பித்துவிடுவார்கள். அந்த நோய்களை நேரில் பார்த்தவர்கள் வகுப்பில் அநேகமாக இருக்கமாட்டார்கள். இந்தப் பாடத்தை நடத்த எனக்குக் கைகொடுத்தது ஒரு வளர்ப்பு ஆமை.

வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில், வண்ணமீன் கடையில் வாங்கிய ஆமைக்குட்டி இருந்தது. இமைகள் வீங்கிக் கண் மூடிவிட்டது, ஓட்டின் ஓரத்தை அழுத்தினால் அமுங்குகிறது என்று கவலையோடு சொன்னாள். என்ன தீனி என்று கேட்டேன். பொரி, சோறு, எப்போதாவது காய்ந்த இறால். இரண்டு அறிகுறிகளையும் கரும்பலகையில் எழுதி, "அட்டவணையில் இவை எந்த வரிசையில் வரும்?" என்று மட்டும் கேட்டேன். கண்ணுக்கு ஏ, ஓட்டுக்கு டி என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. கண் வீக்கத்துக்கு நோய்த்தொற்றும் காரணமாகலாம் என்பதால், உறுதிசெய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவரே என்று சொன்னேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பது எங்களுக்கு வசதி. சிகிச்சையும் தீனி மாற்றமும் சேர்ந்து சில வாரங்களில் கண் திறந்தது. ஓட்டில் விழுந்த கோணல் மட்டும் நிமிரவில்லை.

கால்சியத்தை விளக்க எங்கள் ஊரில் தனிக் கருவி தேவையில்லை. முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சல் ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்டால், பண்ணைக்கு வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் உடனே கை தூக்குவார்கள். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீவனத்தில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஆமையின் கதையும் இதுதான். அதன் ஓடு வெளியே மாட்டிய கவசமன்று, விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து அமைந்தது. உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருக்கவேண்டும். சோற்றிலும் எலும்பில்லாத இறைச்சித் துண்டிலும் பாஸ்பரஸே அதிகம். அதனால்தான் "வயிறு நிறையச் சாப்பிடுகிறதே" என்ற சமாதானம் செல்லாது. இந்த ஒரு கருத்துக்கு ஒரு பாடவேளை முழுவதும் கொடுக்கலாம்.

கடைகளில் அதிகம் விற்பது கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள அமெரிக்க ஆமை. குட்டியில் இது பெரும்பாலும் புலால் உண்ணும். வளர வளரத் தாவர உணவைக் கூட்டவேண்டும். ஆமைக்கான குருணைத் தீவனம், முள்ளோடு சின்ன மீன், மண்புழு, வேலம்பாசி, ஆகாயத்தாமரை இலை, முருங்கைக்கீரை, கேரட் துருவல் என மாற்றி மாற்றித் தரலாம். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அடிக்கடி வேண்டாம். உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைத் தொட்டியில் போட்டுவைத்தால் கொறித்துக்கொள்ளும். இந்த ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும், தரையில் வைத்து ஊட்டிப் பயனில்லை. உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது, தேவையான புற ஊதாக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நிழலுக்கு ஒதுங்க இடம் வைத்து வெளியே காட்டவேண்டும்.

இந்தப் பாடம் நடத்தும்போது வேறொரு விஷயமும் வெளிவரும், அதற்கு ஆசிரியர் தயாராக இருக்கவேண்டும். "எங்க வீட்லயும் ஆமை இருக்கு சார், வாய்க்கால்ல புடிச்சது" என்றான் ஒருவன். வரையச் சொன்னேன். பன்றி மூக்குபோல் நீண்ட மூக்கு, தோல் போர்த்திய ஓடு, பின்னங்காலை மூடும் மடிப்பு. பாலாமை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம், சிறைத்தண்டனை 3 முதல் 7 ஆண்டுகள் வரை. இதை வகுப்பில் மிரட்டலாகச் சொன்னால், ஆமை அன்றிரவே எங்காவது வீசப்படும், பையனும் அடுத்த முறை வாய் திறக்கமாட்டான். தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோரோடு பேசி, வனத்துறையிடம் ஒப்படைக்கச் செய்தோம். அவனை யாரும் திட்டவில்லை. பாலாமைக்கு என்ன தீனி என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: அதைத் தேடிக்கொள்ள அதற்குத் தெரியும்.

அமெரிக்க ஆமை வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கத்தைச் சொல்லவேண்டும். உள்ளங்கையில் அடங்கும் குட்டி ஓரடி நீளம்வரை வளரும், பல பத்தாண்டுகள் வாழும். சலித்துப்போய் ஏரியிலோ காவிரியிலோ விட்டால் நம் ஊர் ஆமைகளோடு இரைக்கும் வெயில்காயும் இடத்துக்கும் போட்டியிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியைத் தடுத்துவிட்டது. ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும் கட்டாயம். குட்டி ஆமைகளிடமிருந்து குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா தொற்றியதால்தான் அமெரிக்கா 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. வகுப்பறைக்கு ஆமையைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், படம் போதும்.

மதிப்பீட்டுக்கு ஒரே வினா கொடுத்தேன்: கோழிக்குக் கிளிஞ்சல், ஆமைக்குக் கணவாய் ஓடு, உனக்கு? பெரும்பாலோர் பால் என்று எழுதினார்கள். சிலர் கேழ்வரகுக் களி என்று எழுதினார்கள். ஆமை வளர்க்கும் மாணவி முருங்கைக்கீரை என்று எழுதி, பக்கத்தில் "ரெண்டு பேருக்கும்" என்று சேர்த்திருந்தாள்.