உலோக இடப்பெயர்ச்சித் தாக்கங்களுக்குச் சமன்பாடு எழுதுதல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் மருந்து தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொப்புள நோய் 1946 இல் இலங்கைக்கு வந்த பின்னர் அதற்கெதிராகச் செப்பு சேர்ந்த பங்கசுநாசினிகள் தெளிக்கப்பட்டன. செப்பு சல்பேற்றையும் (மயில்துத்தம்) சுண்ணாம்பையும் நீரில் சேர்த்துத் தயாரிக்கும் போர்டோக் கலவை அவ்வகைப் பங்கசுநாசினிகளுள் ஒன்று. செப்பு சல்பேற்றுக் கரைசலை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது. ஏன்?

தாக்கவீதத் தொடர் (இறங்குவரிசை)
மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, ஈயம், செப்பு, வெள்ளி

விதி: தொடரில் மேலுள்ள உலோகம், கீழுள்ள உலோகத்தை அதன் உப்புக் கரைசலிலிருந்து இடம்பெயர்க்கும். கீழுள்ளது மேலுள்ளதை இடம்பெயர்க்காது.

எழுதும் படிகள்
1. இரு உலோகங்களின் இடத்தையும் தொடரில் பார்க்க.
2. தாக்கம் நிகழுமாயின் தாக்கிகளையும் விளைவுகளையும் எழுதுக.
3. வலுவளவைக் கொண்டு புதிய உப்பின் சூத்திரத்தைப் பெறுக.
4. இரு பக்கமும் அணுக்களைச் சமப்படுத்துக. சூத்திரத்தை மாற்றலாகாது.

உதாரணம் 1: இரும்பு வாளி
இரும்பு + செப்பு சல்பேற்று → இரும்பு சல்பேற்று + செப்பு
இங்கு இரும்பின் வலுவளவு 2. மூன்று என எழுதுவது பலர் விடும் பிழை. நீல நிறம் மங்கி இளம்பச்சையாகும். இரும்பின் மீது செங்கபில நிறச் செப்பு படியும். வாளி அரிக்கப்படும், மருந்திலுள்ள செப்பும் குறையும். எனவே பிளாத்திக்கு வாளியே ஏற்றது.

தயாரித்த கலவையைச் சோதிக்கவும் இத்தாக்கமே உதவும். துலக்கிய கத்தியைச் சிறிது நேரம் கலவையில் வைக்கும்போது செப்பு படிந்தால், சுண்ணாம்பு போதவில்லை. அக்கலவையைத் தெளித்தால் இலை கருகும். மேலும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

உதாரணம் 2: சமப்படுத்தல்
செப்பு + 2 வெள்ளி நைத்திரேற்று → செப்பு நைத்திரேற்று + 2 வெள்ளி
செப்பின் வலுவளவு 2, வெள்ளியினது 1. ஆகவே ஒரு செப்பு அணு இரண்டு வெள்ளி அணுக்களை இடம்பெயர்க்கும்.

உதாரணம் 3: செப்புக் கம்பி, நாக சல்பேற்றுக் கரைசல்
செப்பு நாகத்துக்குக் கீழுள்ளது. தாக்கம் நிகழாது, சமன்பாடு எழுதலாகாது.

பயிற்சி
பின்வருவனவற்றில் தாக்கம் நிகழுமா? நிகழுமாயின் குறியீடுகளைக் கொண்டு சமன்படுத்திய சமன்பாட்டை எழுதுக.
(அ) நாகம், செப்பு சல்பேற்று
(ஆ) ஈயம், மகனீசியம் நைத்திரேற்று
(இ) மகனீசியம், வெள்ளி நைத்திரேற்று

விடைக் குறிப்பு: (அ) நிகழும், எல்லாக் குணகங்களும் 1. (ஆ) நிகழாது. (இ) நிகழும், வெள்ளி நைத்திரேற்றுக்கும் வெள்ளிக்கும் குணகம் 2.