தரைக்குள் குழாய் வரையப்போகும் தங்கச்சிக்கு

தூத்துக்குடி பிரையண்ட் நகரில் ஃபேன் காற்றுக்குக் கீழே உட்கார்ந்து, டொரன்டோ வீட்டுக்குத் தரைச்சூடு, அதாவது தரைக்குள் வெந்நீர் ஓடும் குழாய், வரையப்போகிறாய். சிரிக்காதே ஏட்டி, நல்ல கூலி!

லூப்கேட் (LoopCAD) மென்பொருளைத் திறந்ததும் குழாயில் கை வைக்காதே. முதலில் ஊரைக் கொடு. டொரன்டோ என்றால் வெளிக்குளிர் மைனஸ் 20 டிகிரியை ஒட்டி வரும். பிறகு அறை அறையாக வெப்ப இழப்பு: ஜன்னல், வெளிச்சுவர், தரைக்கு அடியில் போடும் இன்சுலேஷன். ஒரு ஜன்னலை விட்டுவிட்டாலும் மென்பொருள் கேள்வி கேட்காது. கொடுத்ததை வைத்து அழகாகப் படம் போட்டுத் தந்துவிடும்.

அரை அங்குல பெக்ஸ் (PEX) பிளாஸ்டிக் குழாய் என்றால் ஒரு சுற்று 90 மீட்டருக்குள் நிற்கட்டும். தண்ணீரைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து அறைக்குப் போய்வரும் நீளமும் அதில் சேர்த்திதான். புதிதாக வரைபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு சுற்று 40, பக்கத்துச் சுற்று 90 என்று விட்டால் தண்ணீர் சின்னதிலேயே ஓடும், பெரிய அறை குளிர்ந்து கிடக்கும். சமையலறை அலமாரிக்கு அடியிலும், டாய்லெட் போல்ட் இறங்கும் இடத்திலும் குழாய் வேண்டவே வேண்டாம். ஆள் புழங்கும் தரை 29 டிகிரியைத் தாண்டக் கூடாது. கார்ப்பெட் அறையை டைல்ஸ் என்று குறித்துவிடாதே. கார்ப்பெட் சூட்டை அவ்வளவாக மேலே விடாது.

உள்ளூரிலும் யாராவது வருவார்கள்: "இதே குழாயில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் ஏசி மிச்சம்தானே?" ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்தில் 2011இல் வந்த ஒரு கட்டடத்தில் பாதிக்கு வழக்கமான ஏசி, மறுபாதிக்கு கான்கிரீட்டுக்குள் குழாய். குழாய்ப் பாதியில் குளிரூட்டும் மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது உண்மைதான். ஆனால் அங்கே உள்ளே வரும் காற்றின் ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். நம் கடல்காற்றோ, 24, 25 டிகிரியில் எதைத் தொட்டாலும் நீராகப் படிகிற காற்று. 20 டிகிரித் தரை, ஐஸ் மோர் டம்ளர் மாதிரி வியர்க்கும். மார்பிளில் வழுக்கி விழ ஆச்சிமார் வேறு இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்துபோட்டு வாழ்கிற வீட்டுக்கு அது ஒத்துவராது. வந்தவரிடம் மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டச் சொல். அதற்கு மென்பொருளே வேண்டாம், கொத்தனார் போதும்.