லிஸ்பனுக்கு ஏப்ரலில் போவதா, மே மாதத்திலா?

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். வரும் ஏப்ரல், மே இரண்டு மாதமும் நானும் கணவரும் அவளோடு இருக்கப்போகிறோம். இடையில் ஐரோப்பாவில் எங்காவது போய்வர ஆசை. டிராவல்ஸ்காரர் ‘பத்து நாளில் ஏழு நாடு’ என்கிறார். மகளோ ‘ஒரே ஊர், நாலைந்து நாள் போதும்’ என்கிறாள். பூவும் இளவெயிலுமாக ஓர் ஊர் சொல்லுங்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு. நான் முட்டை சாப்பிடுவேன், கணவர் அதையும் தொடமாட்டார்.
வாசகி, மதுரை

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். ஏழு நாட்டுப் பயணத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது பஸ்ஸில் முன்சீட்டின் முதுகைத்தான். நான் சொல்லும் ஊர் லிஸ்பன். போர்ச்சுகலின் தலைநகரம், லண்டனிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டு ஊருக்கும் கடிகாரமும் ஒன்றுதான், மாத்திரை நேரத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே. அந்தப் பாடம் லிஸ்பனில் சரியாகப் பொருந்துகிறது. ஏப்ரலில் பகல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 12 வரை இறங்கும். மே கடைசியில் இன்னும் மூன்று நான்கு டிகிரி கூடும். இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மழைக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. ‘ஏப்ரலில் ஆயிரம் தண்ணீர்’ என்று அவர்களிடமே ஒரு பழமொழி உண்டு. அடித்துப் பெய்யும், அரை மணியில் பளிச்சென்று வெயில் வந்துவிடும். குடை வேண்டாம், அட்லாண்டிக் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மெல்லிய மழைக்கோட்டு போதும்.

இனி, ஏப்ரலா மே மாதமா என்ற கேள்வி. இரண்டுக்கும் இரண்டு பூ இருக்கிறது. எந்தப் பூ வேண்டுமோ அந்த மாதத்துக்கு டிக்கெட் போடுங்கள்.

ஏப்ரலின் பூ சிவப்புக் கார்னேஷன். 1974 ஏப்ரல் 25 விடியற்காலையில், பல பத்தாண்டுகளாக நாட்டை அழுத்திக்கொண்டிருந்த சர்வாதிகாரத்துக்கு எதிராக இளம் ராணுவ அதிகாரிகள் டாங்கிகளோடு லிஸ்பனுக்குள் வந்தார்கள். முந்தின நள்ளிரவு தாண்டி வானொலியில் ஒலித்த ஒரு பாட்டுதான் அவர்களுக்கு அடையாளக் குரல். அன்று செலஸ்த் காய்ரு என்ற பெண் வேலை பார்த்த உணவகத்துக்கு முதல் ஆண்டு நிறைவு. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த கார்னேஷன்கள் வீணாக வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டுக் கடையை மூடிவிட்டார். தெருவில் நின்ற சிப்பாய் ஒருவன் அவரிடம் சிகரெட் கேட்டான். சிகரெட் இல்லை, கையிலிருந்த பூவைக் கொடுத்தார். அவன் அதைத் துப்பாக்கிக் குழாயில் செருகிக்கொண்டான். மற்றவர்களும் கேட்டார்கள். அந்தப் புரட்சிக்குப் பூவின் பெயரே நிலைத்துவிட்டது. ரகசியப் போலீஸ் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நாலு பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பூவோடு கதையை முடித்துவிடுகிற பழக்கம் பயணக் கட்டுரையாளர்களுக்கு உண்டு.

இன்றும் ஏப்ரல் 25 அங்கே விடுமுறை. மத்தியானம் அவெனிதா த லிபெர்தாத் என்ற அகன்ற சாலையில் ஊரே ஊர்வலமாக இறங்கும். தாத்தா, பாட்டி, தோளில் உட்கார்ந்த பேரன், எல்லார் கையிலும் சிவப்புக் கார்னேஷன். நீங்களும் ஒன்று வாங்கிக்கொண்டு நடைபாதையில் நிற்கலாம். திருவிழாக் கூட்டம்தான், ஆனால் மதுரைக்காரருக்குச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மே மாதத்தின் பூ ஜகராண்டா. மே பாதிக்கு மேல் தெருத்தெருவாக ஊதாவாகிவிடும், ஜூனிலும் தொடரும். தென் அமெரிக்க மரம் அது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஜூடா தாவரவியல் தோட்டம் வழியாக ஊருக்குள் பரவியது. இலைக்கு முந்திப் பூக்கும், ஆகவே மரம் முழுக்க நிறம் மட்டும்தான். உதிர்ந்த பூ கல் நடைபாதையில் பிசுபிசுவென்று ஒட்டும், கார் வைத்திருப்பவர்கள் திட்டிக்கொண்டே துடைப்பார்கள்.

என்னைக் கேட்டால் மே கடைசி வாரம். ஈஸ்டர் கூட்டம் ஓய்ந்திருக்கும், மழையும் குறைந்திருக்கும், எதுவார்து பூங்காவில் புத்தகத் திருவிழா கூடுகிற காலமும் பெரும்பாலும் அதையொட்டித்தான். ஆசிரியையான உங்களுக்குக் கார்னேஷன் கதை இழுத்தால் ஏப்ரல் 23 வாக்கில் போய் இறங்குங்கள், அதுவும் சரியே.

எந்த மாதம் போனாலும் ஒரு முழு முற்பகலை லார்கு து கார்மு என்ற சின்னச் சதுக்கத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். கோயில்களில் பூசை நடந்துகொண்டிருந்த நேரம் நிலம் நடுங்கியது. பிறகு கடல் ஏறி வந்தது, பிறகு நாள் கணக்கில் தீ. அன்று கூரை இழந்த கார்மு மடத்துத் தேவாலயத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வளைவுகள் எலும்புக்கூடு போல நிற்க, நடுவே வானம். அதற்குப் பக்கத்துப் படைமுகாமில்தான் 1974-இல் கடைசி சர்வாதிகாரப் பிரதமர் கைத்தானு ஒளிந்திருந்து சரணடைந்தார். சதுக்கத்தில் நிற்பவை ஜகராண்டா மரங்கள். கீழே பெஞ்சும் ஒரு சிறு காபிக் கடையும் உண்டு. ஏழு நாட்டுக்காரர்கள் இந்த இடத்துக்குப் பதினைந்து நிமிடம் கொடுப்பார்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். லிஸ்பனை ஏழு குன்றுகளின் ஊர் என்பார்கள், பொய் இல்லை. நடைபாதைகள் வெள்ளையும் கறுப்புமாகப் பதித்த சிறு சுண்ணாம்புக் கற்கள். மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். முதல் நாளே நான் உட்கார்ந்து எழுந்தேன். ஆனால் அறை எடுக்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் பாதி வலி மிச்சம். பைஷா என்ற கீழ்ப்பகுதியில் தங்குங்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு மார்க்கேஸ் த பொம்பால் என்ற அமைச்சர் சதுரங்கக் கட்டம் போலத் திருத்திக் கட்டிய தரைமட்டத் தெருக்கள் அவை. அங்கிருந்து மேலே ஷியாதுவுக்கு ஏறப் படி தேவையில்லை. பைஷா-ஷியாது மெட்ரோ நிலையத்தின் ஒரு வாசலில் நுழைந்து, நகரும் படிகளில் ஏறி, மேட்டு வாசலில் வெளியே வந்துவிடலாம், டிக்கெட் கேட்க மாட்டார்கள். ஒன்றிரண்டு படி பழுதாகி நிற்பது சகஜம், அன்று உங்கள் பாடு. கோட்டைக் குன்றுக்கும் பாதி உயரம் வரை கட்டணமில்லாப் பொது லிஃப்ட் உண்டு, ஃபங்கெய்ருஷ் தெருவில் கேளுங்கள். ரப்பர் அடி ஷூ கட்டாயம், செருப்பு வேண்டாம்.

கால் ரொம்பப் படுத்தினால் அன்றைக்குக் காய்ஷ் து சொத்ரேயில் படகு ஏறுங்கள். பத்து நிமிடத்தில் ஆற்றுக்கு அக்கரையில் கசில்யாஷ். அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுதும் படிப்படியாக வெயிலில் காய்வது தெரியும். மேற்கே தெரியும் சிவப்புத் தொங்குபாலம் 1966-இல் சர்வாதிகாரி சலசாரின் பெயரோடு திறந்தது. இப்போது அதன் பெயர் ‘ஏப்ரல் 25’.

சாப்பாடு. உங்கள் கணவருக்குத்தான் கொஞ்சம் சங்கடம். புகழ்பெற்ற பஷ்டேல் த நாதா முட்டை மஞ்சள் கருவால் ஆனது, பெலெங்கில் 1837 முதல் விற்கும் கடையில் சுடச்சுட இலவங்கப்பட்டைத் தூளோடு நீங்கள் சாப்பிடுங்கள், அவர் பார்க்கட்டும். ‘தோட்டத்து மீன்குஞ்சு’ என்று மெனுவில் ஒன்று இருக்கும். பயந்துவிடாதீர்கள், அது பீன்ஸ் பஜ்ஜி. போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோன இந்தப் பொரியல் முறைதான் ஜப்பானில் டெம்புரா ஆனது என்பார்கள். அதிலும் மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பதால் அவருக்கு ஆகாது. காய்கறி சூப்பும் ரொட்டியும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பச்சைக் கீரை சூப்பில் மட்டும் ஒரு துண்டு பன்றி இறைச்சித் தொத்திறைச்சி போடுவார்கள், முதலிலேயே வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். மார்த்திம் மொனிஷ் பக்கம் இந்திய, நேபாள, வங்கதேசக் கடைகள் வரிசையாக இருப்பதால் அரிசிக்கும் பருப்புக்கும் பஞ்சமில்லை. மொசாம்பிக்கிலிருந்து வந்து குடியேறிய குஜராத்திகளின் ராதாகிருஷ்ணர் கோயில் லுமியாரில் இருக்கிறது, அங்கே சைவச் சாப்பாடும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும். நம் ஊர் அப்பளம் மாதிரி இலவசம் என்று நினைத்து நான் காலி செய்தேன், பில்லில் ஒவ்வொன்றுக்கும் விலை இருந்தது. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காபிக்குப் ‘பிக்கா’ என்றால் ஒரு மடக்குக் கசப்பு. நமக்கு ‘கலௌங்’ சரி, உயரமான கண்ணாடித் தம்ளரில் நிறையப் பாலோடு வரும். மே பிறந்ததும் கடைக் கண்ணாடிகளில் ‘நத்தை இருக்கிறது’ என்று கையால் எழுதி ஒட்டுவார்கள். வசந்தம் முற்றியதற்கு ஊர்க்காரர்களுக்கு அதுதான் அடையாளம். நீங்கள் அறிவிப்பை மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாம்.

(மற்ற மூன்று கடிதங்களும் தற்செயலாக இதே ஊரைப் பற்றியவை.)

கேள்வி: பிரிட்டன் விசா இருந்தால் லிஸ்பனுக்கும் போகலாமா?
வாசகர், கோவை

பதில்: முடியாது. போர்ச்சுகல் ஷெங்கன் விசா வட்டத்தில் இருக்கிறது, பிரிட்டன் அதில் இல்லை. விருந்தாளியாக லண்டனுக்குப் போனபிறகு அங்கே உட்கார்ந்து ஷெங்கன் விண்ணப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக நீங்கள் குடியிருக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். ஆனால் கோடை விடுமுறைக்கு முன் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு, ஜனவரியிலேயே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. லிஸ்பன் விடுதிகளில் தலைக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ ஊர் வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று இல்லை.

கேள்வி: தமிழுக்கும் லிஸ்பனுக்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் வாத்தியார் சொல்வார். போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பார்ப்பதைவிடக் கேட்க அதிகம் இருக்கிறது. நீங்கள் காலையில் வாங்கும் பாண் அவர்களுடைய ‘பௌங்’. காலில் போடும் சப்பாத்து ‘சபாத்து’. சாவி ‘ஷாவ்’, ஜன்னல் ‘ஜனேலா’, மேசை ‘மேசா’, அலமாரி ‘அர்மாரியு’, துவாலை ‘துவால்யா’. விடுதிக்காரம்மா துவாலையையும் சாவியையும் கொடுக்கும்போது மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பாதி புரிந்துவிடும். தமிழில் அச்சான முதல் நூல் என்று கருதப்படும் ‘கார்த்தில்யா’ 1554-இல் லிஸ்பனில்தான் வெளிவந்தது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்த கிறித்துவப் போதனை நூல் அது. தமிழ் எழுத்திலேயே அச்சாக 1578-இல் கொல்லம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பார்க்கத்தான் வேண்டுமென்றால் பெலெங்கில் ஜெரோனிமுஷ் மடத்துத் தேவாலயத்துக்குள் போங்கள். நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, எதிர்ப்புறம் கவிஞர் கமோயிஷின் கல்லறை. கயிறும் நங்கூரமும் கடற்பாசியும் கல்லில் முறுக்கேறிய அந்தக் கட்டடத்துக்கு மிளகு வணிகத்தின் வரிப்பணம்தான் பெரும்பங்கு. நம் கரையில் ஏற்றிய மூட்டைகள் இங்கே தூணாக நிற்கின்றன. அழகுதான், எனக்கு அங்கே நின்றால் கொஞ்சம் கணக்குக் கேட்கவும் தோன்றும். தேவாலயத்துக்குக் கட்டணமில்லை, உள்முற்றத்துக்கு உண்டு. திங்கட்கிழமையும் மே 1-ம் தேதியும் மூடியிருக்கும்.

கேள்வி: இரண்டே நாள்தான் இருக்கிறது. 28-ம் எண் டிராம், சிந்த்ரா அரண்மனை, போர்த்து நகரம் மூன்றையும் முடித்துவிடலாமா?
வாசகர், சென்னை

பதில்: போர்த்துவை விடுங்கள், ரயிலில் மூன்று மணி நேரம். ரோசியு நிலையத்திலிருந்து சிந்த்ராவுக்கு நாற்பது நிமிடம்தான், ஆனால் பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட் எடுத்து, மலைமேல் பஸ்ஸுக்குக் காத்திருந்து, பனிமூட்டத்தையும் பார்த்துத் திரும்ப ஒரு நாள் போய்விடும். இரண்டு நாளில் அதுவும் வேண்டாம்.

28-ம் டிராமில் மத்தியானம் ஏறினால் நீங்கள் பார்ப்பது பக்கத்தில் நிற்பவரின் முதுகுப்பையை, உங்கள் பர்ஸைப் பார்ப்பவர் வேறொருவர். காலை ஏழரைக்கு முன் மார்த்திம் மொனிஷில் ஏறுங்கள். 1930-களின் மரப்பலகை வண்டி, கிராசா, அல்ஃபாமா சந்துகளில் வீட்டுச் சுவரை உரசுகிறாற்போல வளைந்து போகும். வேலைக்குப் போகிறவர்களும் காய்கறிப் பையோடு பாட்டிகளும் தவிர வண்டியில் ஆள் இருக்காது. பிரஸேரெஷ் வரை உட்கார்ந்தே போய், இறங்கி ஒரு கலௌங் குடித்துவிட்டு, திரும்பும்போது கால் கொண்டுபோகும் தெருவில் நடந்து வாருங்கள்.