இருதய நோயும் உணவும் மனமும்

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் நள்ளிரவிலும் மரக்கறி மூடைகள் மலைபோற் குவிகின்றன. நம்மவர் இலையிலோ சோறே மலையாகின்றது; கறி ஓரத்திற் கிடக்கின்றது.

கேரளத்திற் பிறந்த வைத்தியப் பேராசிரியர் சலீம் யூசுப் குழுவினர், 52 நாடுகளில் மாரடைப்புற்ற 15,152 பேரைப் பிறரோடு ஒப்பிட்டு, 2004 ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். புகைத்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம் என்பவற்றோடு மரக்கறி, பழம் குறைதலும் மனநெருக்கீடும் காரணங்களாய்க் காணப்பட்டன. இலங்கை உள்ளிட்ட ஐந்து தென்னாசிய நாட்டவரை முதல் மாரடைப்பு ஏனையோரிலும் ஏறத்தாழ ஆறாண்டு முந்தித் தாக்குகின்றது என 2007 இல் அறிந்தோம். மரக்கறியும் பழமும் நாடோறும் உண்போர் இந்நாடுகளிற் குறைவு என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று.

நோயினின்று தேறுங் காலத்தில் மனமே பெரிது. மாரடைப்பின் பின் மனச்சோர்வுற்றோர் ஆறு மாதத்துள் இறக்கும் அபாயம் மிகுதியென 1993 இல் மொன்றியால் நகர ஆய்வொன்று காட்டிற்று. சோர்வை நீக்கின் ஆயுள் நீளுமோ? 2003 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலே மனந் தேறியது, இறப்புக் குறையவில்லை. எனினும் சோர்ந்தவர் மருந்தையும் நடையையும் கைவிடுதல் கண்கூடு. நலம் விசாரிக்க வருவோர், இந்நோயால் மாண்டோர் கதைகளைக் கட்டிலருகே விரித்துரைப்பது நம் ஊர் வழக்கு! வீட்டார் அதனைத் தடுத்து, வைத்தியர் அனுமதித்த அளவு அவருடன் கூட நடப்பாராக.