இடர் வந்த நாளில் துணை யார்?

ஐதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில், பட்டான்செருவின் ஆலைகளுக்கு அருகே ஆராய்ச்சி வயல்கள் பரந்து கிடக்கின்றன. 1972ஆம் ஆண்டில் தோன்றிய இக்ரிசாட் நிலையத்தின் வயல்கள் அவை. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றை அங்கே ஆராய்கிறார்கள் என்பது நம்மில் பலர் அறிந்ததே. பயிர் பொய்த்த ஆண்டில் குடியானவன் எப்படிப் பிழைக்கிறான் என்பதையும் அந்நிலையத்தார் ஆராய்ந்தார்கள் என்பது, அறிவியல் பயிலும் நமக்கே அவ்வளவாகத் தெரியாது. எனக்கும் தெரியாமலே இருந்தது. தெரிந்துகொள்ளச் செய்தது பசி.

சென்ற ஆண்டு எனக்கு வர வேண்டிய உபகாரச் சம்பளம் மூன்று மாதம் தாமதமாயிற்று. தவறு யாருடையது என்ற வழக்கு இங்கே வேண்டாம். ஓர் அறையில் நால்வர் இருந்தோம். "கை வறண்டால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம்" என்று குடிவந்த அன்றே பேசிக்கொண்டவர்கள் நாங்கள். நடந்தது என்ன? நால்வருக்கும் சம்பளம் வருவது ஓரிடத்திலிருந்து. ஆகவே நால்வர் பையும் ஒரே வாரத்தில் காலியாயிற்று. நட்பிலே குறை இல்லை. நான்கு தூண்கள் என்று நாங்கள் எண்ணியது ஒரே தூணாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். 1975இல் இக்ரிசாட் நிலையத்தார் மகபூப்நகர், சோலாப்பூர், அகோலா ஆகிய மாவட்டங்களில் ஆறு சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்தனர். ஊருக்கு 40 குடும்பங்கள்: நிலமற்ற கூலியார் பத்து, சிறு குடியானவர் பத்து, நடுத்தரத்தார் பத்து, பெருநிலக்காரர் பத்து. ஆராய்ச்சியாளர் அந்த ஊர்களிலேயே தங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று வரவு, செலவு, கடன், உணவு என யாவற்றையும் குறித்தனர். பத்தாண்டுக் காலம் இவ்வேலை நடந்தது. அந்தக் கணக்கேடுகளைக் கொண்டு உலகெங்கும் பொருளியல் அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள்.

அவர்களுள் ராபர்ட் டவுன்செண்ட் என்பவர் 1994இல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். ஒரு குடும்பத்தின் வருவாய் மட்டும் விழுந்தால், அதன் அடுப்பு அந்த அளவுக்கு விழுவதில்லை; கடனாகவோ உதவியாகவோ பிறர் கை கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஊரே விழுந்தால் எல்லா வீட்டு அடுப்பும் சேர்ந்து தாழ்கிறது. நிலமற்றவருக்கு இந்தக் காப்பு குறைவு என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆகத் துன்பம் இருவகை: ஒருவனுக்கு வருவது, ஊருக்கே வருவது. முதலாவதற்கு அண்டை வீடு போதும். இரண்டாவதற்கு அண்டை வீடு பயன்படாது. அதன் கூரையும் பறந்திருக்கும் அல்லவா?

இதைப் படித்தபோது எனக்குப் பேராவூரணி நினைவு வந்தது. எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு போட்டு, வந்தவர் வைக்கும் மொய்யை நோட்டிலே எழுதி, அந்த முதலில் கடை வைப்பார், கிணறு வெட்டுவார். பின்னர் மற்றவர் விருந்தில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வீசிற்று. அப்போது நான் பள்ளி மாணவன். ஒரே இரவில் தென்னைகள் சாய்ந்தன; மொய் வாங்க வேண்டியவர், செய்ய வேண்டியவர் இருவர் தோப்புமே சாய்ந்தன. நோட்டு இருந்தது, நோட்டில் உள்ளவர் கையில் காசில்லை. அன்று எங்கள் வீட்டுக்கு அரிசியும் தார்ப்பாயும் கொண்டு வந்தவர் திருப்பூரில் இருக்கும் மச்சான். "இவ்வளவு தூரத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே" என்று அக்காள் கலியாணத்தில் அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

வியப்பு என்னவென்றால், இதுவும் ஆராய்ச்சியில் இருக்கிறது! அதே ஊர்களின் கணக்கை வைத்து ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் என்ற இருவர் 1989இல் எழுதினர்: விளைச்சல் நிலையில்லாத குடும்பங்கள் பெண்களைத் தொலைவில் கட்டிக் கொடுக்கின்றன, அங்கே பெய்யும் மழை வேறு, இங்கே பெய்யும் மழை வேறு. பெண்ணைக் காப்புறுதிப் பத்திரமாக்கும் இந்த வழக்கத்தை நான் போற்றவில்லை. அக்காளை யாரும் கேட்கவும் இல்லை. ஆயினும் அதிலுள்ள கணக்கு சரியான கணக்கு.

ஊர் விட்டு வந்தவர்க்கு இக்கணக்கு இன்னும் கொடியது. 2020 ஊரடங்கில், இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள கந்தியில் கட்டிட வேலை செய்துவந்த ஜார்க்கண்டுத் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். வேலை, கூலி, தங்குமிடம், தோழர் யாவும் ஒரே இடத்தில். அந்த இடம் நின்றதும் எல்லாம் நின்றது. மே 1 அன்று லிங்கம்பள்ளியிலிருந்து ஹட்டியாவுக்கு அவர்களை ஏற்றிச் சென்றதுதான் அந்நாளில் புலம்பெயர் தொழிலாளர்க்காக ஓடிய முதல் தனி ரயில். ஏறத்தாழ 1200 பேர் போனார்கள்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். மூன்றாம் மாதத்தில் அப்பா வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்தது. ஊருக்குப் போக டிக்கெட்டுக்குப் பணமில்லை. அப்போதுதான் அக்காளுக்குப் போன் செய்தேன். "மூணு மாசமா ஏண்டா தம்பி சொல்லல?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. சிற்றூரில் ஒருவன் அடுப்பு எரியவில்லை என்றால் தெருவுக்கே தெரியும். சொல்லாமலே உதவி வரும். இந்த நகரத்திலோ நான்காம் மாடியில் ஒருவன் பட்டினி கிடந்தால், அவன் வாய் திறந்தால்தான் உண்டு. வெட்கம் என்பது இங்கே பெருஞ்செலவு.

தோழர்களே, ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். இடரில் உங்களுக்கு உதவக்கூடியவர் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அஞ்சலகச் சேமிப்பு இருந்தால் அதையும் சேருங்கள். ஒரு மாத மெஸ் கட்டணமாவது அதில் இருக்கட்டும். பிறகு, உங்களை வீழ்த்தும் அதே அடியில் யார் யார் வீழ்வார் என்று பார்த்து அடித்துவிடுங்கள். ஒரே ஆய்வுக் கூடத்தார், ஒரே உபகாரச் சம்பளத்தார், ஒரே தெருவார் எல்லாரும் போவார்கள். வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர், பிற துறை நண்பர், நாம் தெலுங்கில் நாலு வார்த்தை பேசினால் மகிழ்கிற கீழ்வீட்டு அம்மா ஆகியோர் நிற்பார்கள். நிற்பவரிடம் இடர் வருமுன்பே போக்குவரத்து வையுங்கள். மூன்றாண்டு பேசாதவனிடம் முதல் பேச்சே கடனாக இருப்பது நன்றன்று.

நானும் எழுதினேன். முதலில் பதினொரு பெயர்கள். அடித்த பின் மூன்று. அவற்றில் ஒன்று அக்காள். மற்ற இருவருக்கும் சென்ற ஞாயிறன்று கடிதம் போட்டிருக்கிறேன்.